ஆம்செல் என்றொரு முன்தீர்ப்பு

லின்ஃபீல்ட், ஒக்லாந்து
18 பெப்ரவரி 1984

அப்பாவுக்கு,

அம்மா சுகம், நான் சுகம், உங்கட விசா மட்டும் சுகமில்லை. அதுக்கு ஆயுள் செப்ரம்பர் முப்பது. அந்த விசாக் கடிதத்தை அம்மா குசினி அலுமாரிக் கதவின்ர உள்பக்கத்தில ஒட்டி வச்சிருக்கிறா. சீனி எடுக்கத் திறந்தா திகதிதான் முதல் தெரியுது. இஞ்ச வந்த இந்த ஒரு வருசத்தில நான் சீனியைக் குறைச்சிட்டன். முப்பதாந் திகதிக்குள்ள நீங்கள் வந்து இறங்காட்டி அது வெறும் கடதாசி, திரும்ப முதலில இருந்து விண்ணப்பம் எண்டு குடிவரவுக் கந்தோரில சொன்னவை.

நீங்கள் போன கடிதத்தில, "அடுத்த தவணை முடியட்டும்" எண்டு எழுதினியள். எனக்கும் பள்ளிக்கூடத்தில தவணைதான் அப்பா. எங்கட தவணை முடிஞ்சா லீவு விடுவினம். உங்கட வழக்குக் கோட்டில தவணை முடிஞ்சா இன்னொரு தவணை. அதுக்கு வேற பிள்ளையே பிறக்கிறேல்லை.

இனிச் சரித்திரம். எங்கட சரித்திர ரீச்சர் மிஸ் ஹார்ட்லி தொப்பிக்குள்ள துண்டுகளைப் போட்டுக் குலுக்கினா. எனக்கு விழுந்த துண்டு: "ஜேர்மனி, 1848. அரசியலில் இறங்கிய ஒருவரின் வாழ்க்கை." நான் ஒரு ஆளைப் பிடிச்சிட்டன். யோஹான் ஆம்செல். தொழில் வழக்குப் பேசுற அப்புக்காத்து, மிச்ச நேரத்தில எழுத்தாளர், ரெண்டுக்கும் நடுவில கொஞ்சம் மறியல் வீடு. மனுசியும் மகளும் முதலே சூரிச்சுக்குப் போட்டினம். அவர் மட்டும் வழக்குக் கட்டோட ஊரில. ஆரும் ஞாபகம் வருகினமோ? காதில பென்சிலைச் செருகிப்போட்டு வீடு முழுக்கப் பென்சில் தேடுவாராம். புத்தகத்தில கிடக்கு, என்னை ஏசாதேங்கோ.

கடைசியில அவர் வெளிக்கிட்டுக் குடும்பத்திட்டப் போய்ச் சேர்ந்தவர். பேரைப் பிரிச்சுப் பாருங்கோ: ஆம், செல். உங்கட சில்வெஸ்ரர் எண்ட பேரை நான் எப்பிடிப் பிரிச்சும் ஒண்டும் வருதில்லை. நீங்களும் வாறியள் இல்லை.

டோறின்

*

மன்னார்
9 மார்ச் 1984

என் மகள் டோறினுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. உறையின் ஓரம் புதிதாகப் பசை பூசி ஒட்டப்பட்டிருந்தது. உன் பகிடிகளை உனக்கும் எனக்கும் நடுவில் இன்னொருவரும் வாசிக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள். சிரித்தாரா என்று தெரியவில்லை.

என்னைப் பிடித்து வைத்திருப்பது பதினொரு பெடியன்கள். மீனுக்குப் போன இடத்தில் வள்ளத்தோடு பிடிபட்டவர்கள். எட்டு மாதமாகிறது, இன்னும் குற்றப்பத்திரிகை இல்லை. திங்கட்கிழமைகளில் அவர்களின் தாய்மார் வருவார்கள். சொல்வதற்கு என்னிடம் புதிதாக ஒன்றும் இராது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் வந்து முன்விறாந்தையின் நீள மர வாங்கில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார்கள். நான் உள்ளே இருக்கிறேனா என்று பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆம்செலைப் பற்றி. முப்பது வருடமாகச் சட்டப் புத்தகம் புரட்டியும் இந்தப் பெயரை நான் கேள்விப்படாதது என் குறை. தன்னை நம்பியிருந்த வழக்குகளை விட்டு ஒரு சட்டத்தரணி குடும்பத்திடம் போனதற்கு ஒரு முன்தீர்ப்பு இருக்குமானால் நான் அதை வாசிக்க வேண்டும். எந்த ஊர்க் கோடு, எந்த ஆண்டு? எதற்காக மறியலுக்குப் போனார்? அவர் வெளிக்கிட்ட பிறகு அவர் வழக்குப் பேசிய கட்சிக்காரருக்கு என்ன நடந்தது? கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு அவசரம்.

நீ மீசை கீறி வைத்த பழைய டயறியில்தான் இன்னும் வழக்குத் திகதி குறிக்கிறேன். போன வாரம் நீதவான் எட்டிப் பார்த்துவிட்டார். நல்ல வேளை, நீ மீசை கீறிய பக்கம் அவர் கண்ணில் படவில்லை.

வீட்டில் சத்தம் இல்லை. அம்மாவிடம், தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டேன் என்று சொல்.

அப்பா

*

லின்ஃபீல்ட்
30 மார்ச் 1984

அப்பாவுக்கு, அதோட இந்தக் கடிதத்தைப் பிரிச்சு வாசிக்கிற அங்கிளுக்கு,

அங்கிள், வணக்கம். பசையைக் கொஞ்சம் குறைச்சுப் பூசுங்கோ. அப்பான்ர கடைசி வரியை நான் கேத்தில் ஆவியில பிடிச்சுத்தான் வாசிச்சன்.

அப்பா, கேட்ட கேள்விக்கு மறுமொழி. ஆம்செல் பிறந்தது 1811, ஒரு சின்ன ஊரில. தகப்பன் குதிரைச் சேணம் தைக்கிறவர். இவர் சட்டம் படிச்சார், சட்டை போடத் தெரியாது, பொத்தானை மாறி மாறிப் பூட்டுவார். முதலில கவிதை எழுதினவர். ஒருதரும் வாசிக்காதபடியா அரசாங்கமும் வாசிக்கேல்லை. பேந்து கட்டுரை எழுதத் தொடங்கினார்: வழக்கைக் கதவைப் பூட்டிப்போட்டு விசாரிக்காதேங்கோ, சனம் பாக்கத்தக்கதா விசாரியுங்கோ, பத்திரிகையின்ர வாயைக் கட்டாதேங்கோ எண்டு. அதை அரசாங்கம் நல்லா வாசிச்சது. 1849 இல பிடிச்சுக் கோட்டைக்குள்ள போட்டது. பதினாலு மாசம். மெழுகுதிரி சுத்தி வாற கடதாசியில எழுதினவராம்.

வெளியில வந்த பிறகும் ஒரு வருசம் இழுத்தடிச்சார். ஒவ்வொரு கடிதத்திலயும், இந்த வழக்கு முடியட்டும், அந்த வழக்கு முடியட்டும். பேந்து ஒரு நாள் காலமை ஒரு பெட்டியோட வண்டி ஏறிட்டார். சூரிச்சில ஏரிக்கரையில மகள் வந்து நிண்டவ. மூண்டு வருசத்தில அவ நெடுத்துப் போனா. இவர் அவவைத் தாண்டி நடந்து போய், ஆரோ ஒரு பெட்டையிட்ட வழி கேக்கிற மாதிரித் திரும்பி வந்து அவவிட்டயே விலாசம் கேட்டவராம். அந்தப் பக்கத்தை நான் நாலுதரம் வாசிச்சன்.

கட்சிக்காரரைப் பற்றின பக்கம் கிழிஞ்சு கிடக்கு. இஞ்சத்தப் பள்ளிக்கூடப் பிள்ளையள் பொல்லாதவை.

இனி இது:

மேன்மை தங்கிய மன்றுக்கு. மனுதாரர்: டோறின், வயது பதினைஞ்சு. எதிர்மனுதாரர்: மன்னார்க் கோடு. பொருள்: ஆட்கொணர்வு மனு. சில்வெஸ்ரர் எண்ட ஆளை, முழு உயரத்தோடயும், மாறிப் பூட்டின பொத்தானோடயும், ஒக்லாந்து விமான நிலையத்தில செப்ரம்பர் முப்பதுக்கு முதல் ஆஜர்படுத்தவும். இந்த மனு தள்ளுபடியானா மனுதாரர் அழமாட்டா. ஆனா சாப்பிடவும்மாட்டா. (பொய். சாப்பிடுவன். அம்மா விடமாட்டா.)

டோறின்

*

மன்னார்
22 மே 1984

என் மகள் டோறினுக்கு,

சென்ற மாதக் கடைசியில் வாரப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு: "கதவு திறந்திருக்கட்டும்: யோஹான் ஆம்செலின் வாழ்க்கை." நீ எழுதியதை வைத்துத்தான் எழுதினேன். மெழுகுதிரிக் கடதாசியைப் பற்றிப் பலர் கேட்டார்கள். விநாயகமூர்த்தி, என்னிடம் தொழில் பழகுகிறானே, அவன் அந்தப் பகுதியை வெட்டி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறான்.

மே 14ஆம் திகதி பொலிஸில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். கையில் பத்திரிகை, அதற்குக் கீழே உன் கடிதத்தின் நகல். கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன். ஆம்செல் இப்போது எங்கே இருக்கிறார்? சூரிச்சில் அவருடைய விலாசம் என்ன? அவருக்கும் உமக்கும் நடுவில் உம்முடைய மகள் தகவல் கொண்டுபோகிறாளா? அவர் இறந்து எப்படியும் நூறு வருடம் இருக்கும் என்றேன். "அப்ப மரணச் சான்றிதழைக் காட்டும்" என்றார் மூத்தவர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. பாஸ்போட்டைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். கொண்டுபோனார்கள்.

எனக்கு ஆதாரம் வேண்டும். புத்தகத்தின் பெயர், எழுதியவர், அச்சிட்ட ஆண்டு, அவர் இறந்ததைச் சொல்லும் பக்கத்தின் நகல். அதை இணைத்து ஒரு சத்தியக்கடதாசி முடிக்கலாம். இத்தனை வருடத்தில் நூற்றுக்கணக்கான சத்தியக்கடதாசிகள் என் கையால் போயிருக்கின்றன. ஒன்றிலும் பொய் இருந்ததில்லை. இதிலும் வேதாகமத்தில் கை வைத்து நிம்மதியாகக் கையெழுத்திடுவேன்.

இப்படி இருக்கும்போது செப்ரம்பரைப் பற்றி நான் உனக்கு என்ன எழுத?

உன் மேல் ஒரு பிழையும் இல்லை. பகிடியை மட்டும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வை.

அப்பா

*

லின்ஃபீல்ட்
11 யூன் 1984

அப்பா,

இதுக்கு முதல் ஒரு கடிதம் எழுதி ஒட்டிப்போட்டன். அதுக்குள்ள என்ர சரித்திர ஒப்படையை வச்சனான். முன்பக்கத்தில பள்ளிக்கூட முத்திரை. மிஸ் ஹார்ட்லி சிவப்பு மையில எழுதின "மிக நன்று, 18/20." கடைசிப் பக்கத்தில தடிச்ச எழுத்தில "இறப்பு: 4 நவம்பர் 1872." எந்தக் கந்தோருக்குக் காட்டினாலும் காணும். முத்திரையும் ஒட்டிக்கொண்டு தபால் பெட்டி மட்டும் போனன். போட ஏலாமல் போச்சு. நீங்கள் எழுதின "நிம்மதியாக" எண்ட சொல்லு அங்க வந்து நிண்டிட்டுது.

யோஹான் ஆம்செல் எண்டு ஒரு ஆள் இல்லை. அவர் சாகேல்லை, ஏனெண்டா பிறக்கேல்லை.

பேரை எங்கட தெருமுனை டெய்றிக் கடையில ஒரு புளிக்க வச்ச ஜேர்மன் கோவா இலைப் போத்தலின்ர லேபிளில இருந்து எடுத்தன். 1848 ஐப் பற்றிப் பள்ளிக்கூடத்தில கிடந்த ஒரே புத்தகத்தை இன்னொரு பெட்டை எடுத்துக்கொண்டு போட்டா. அப்பிடித்தான் தொடங்கினது, ஒரு பகிடிப் பம்பலுக்கு. பேந்து எழுத எழுத அவருக்கு உங்கட கை வந்திட்டுது, உங்கட பென்சில் வந்திட்டுது. அப்பதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. நீங்கள் முன்தீர்ப்பு இல்லாமல் ஒரு அடியும் எடுத்து வைக்காத ஆள். ஒருதரும் செய்யாததைச் செய்யமாட்டியள். அப்ப, அதைச் செய்த ஒராளை நான் செய்து தந்தா வருவியள் எண்டு நினைச்சன்.

பக்கத்தை ஒரு பிள்ளையும் கிழிக்கேல்லை. அவர் போன பிறகு கட்சிக்காரருக்கு என்ன நடந்தது எண்டு யோசிச்சுப் பாத்தன். யோசிக்க யோசிக்க அவர் வண்டியால இறங்கித் திரும்பிப் போற மாதிரியே வந்தது. அதால அந்த இடத்தை எழுதாமல் விட்டிட்டன்.

உங்களைக் கூட்டிக்கொண்டு வர நான் அனுப்பின ஆள் உங்களை அங்க வச்சுப் பூட்டிப்போட்டார்.

கடிதத்தைப் பிரிக்கிற ஐயா, இது உங்களுக்கும்தான். அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது. சூரிச்சில எங்களுக்கு ஒருதரும் இல்லை. ஒரு பதினைஞ்சு வயசுப் பெட்டை தன்ர தகப்பனை வரச் சொல்லிச் சொன்ன பொய் அது. பாஸ்போட்டைக் குடுங்கோ.

அம்மாவிட்டச் சொன்னன். ஆஸ்பத்திரி வேலையால வந்து வெள்ளை உடுப்போட சோறு வடிச்சுக்கொண்டு நிண்டவ. ஏசுவா எண்டு பாத்தன். பானையை வச்சுப்போட்டு, "கெட்டிக்காரி. அந்த மனுசனை அங்க கட்டிப்போட வேற ஆள் தேவையில்லை" எண்டு மட்டும் சொன்னா. ஏசியிருக்கலாம்.

சத்தியக்கடதாசியில கையெழுத்து வைக்காதேங்கோ. வச்சிருந்தாக் கிழியுங்கோ.

டோறின்

*

மன்னார்
4 யூலை 1984

டோறின்,

உன் கடிதத்தை வாசித்தேன். பிறகு மே 22 நான் உனக்கு எழுதியதன் நகலை எடுத்து வாசித்தேன். நான் எதற்கும் நகல் வைத்திருப்பவன் என்று உனக்குத் தெரியும்.

அந்தக் கடிதத்தில் பொய் என்று சொல்ல ஒரு வரி இல்லை. ஆனால் ஒரு வரி குறைகிறது. அதை இப்போது எழுதுகிறேன். பாஸ்போட்டை மே 14 கொண்டுபோனார்கள். மே 18 திருப்பித் தந்துவிட்டார்கள்.

வந்த இருவரில் இளையவர் 1848 என்பதை வீட்டு இலக்கம் என்று எடுத்திருக்கிறார். அது வருடம் என்று மேலதிகாரி சொல்லிச் சிரித்தாராம். ஒரு பொலிஸ்காரர் சைக்கிளில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். உனக்கு எழுதும்போது அது என் மேசை லாச்சிக்குள் இருந்தது.

அந்த நாலு நாளும் நான் நன்றாக நித்திரை கொண்டேன், மகள். நான் சொல்ல வேண்டிய குற்றம் அதுதான். போக முடியாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், இனி அதை நான் என் வாயால் உனக்குச் சொல்லத் தேவையில்லை. திருப்பித் தந்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. லாச்சியைப் பூட்டினேன். பூட்டிவிட்டு, உன்னிடம் ஆதாரம் கேட்டு எழுதினேன். நீ தேடும் மட்டும் ஒரு மாதம் போகும் என்று கணக்குப் போட்டேன். ஆதாரம் என்னிடம் ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை. சத்தியக்கடதாசி எழுதவும் இல்லை.

நீ ஒரு ஆளை உண்டாக்கினாய். நான் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் பாவம்.

காதுப் பென்சிலைக் கண்டதுமே நான் பிடித்திருக்க வேண்டும். சாட்சிக்காரர் ஒருவர் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வியில் விழுத்தியிருப்பேன். பிடிக்கவில்லை, ஏனென்றால் பிடிக்க விரும்பவில்லை. ஏரிக்கரையில் தகப்பன் மகளைத் தாண்டிப் போகும் இடத்தை நானும் நாலுதரத்துக்கு மேல் வாசித்தேன். பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பியாகிவிட்டது: "அப்படி ஒருவர் வாழ்ந்ததில்லை. பிழை என்னுடையது." காரணம் என்ன என்று ஆசிரியர் கேட்டார். குடும்ப விடயம் என்றேன். விநாயகமூர்த்தி மேசைக் கண்ணாடிக்குக் கீழிருந்து வெட்டுத்துண்டை எடுக்கவில்லை. "ஆள் இல்லாட்டி என்ன சேர், சொன்னது சரிதானே" என்கிறான்.

வழக்கு செப்ரம்பர் 17. விசா 30 வரை. நடுவில் பதின்மூன்று நாள். அன்றே எல்லோரையும் விட்டுவிட்டால் நான் நேரே கொழும்புக்குப் போய் விமானம் ஏறலாம். அப்படித்தான் நினைத்திருக்கிறேன். நம்பு என்று உன்னிடம் சொல்லும் உரிமை இப்போது எனக்கு இல்லை.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. முழுவதையும்.

அப்பா

*

லின்ஃபீல்ட்
23 யூலை 1984

அப்பா,

உங்கட கடிதம் வந்து ஆறு நாள். எழுதாமலே இருப்பம் எண்டு பாத்தன்.

நான் கள்ளி, நீங்கள் கள்ளன். ஆனா ஒண்டை எழுதியே ஆகவேணும். நான் பொய் சொன்னது நீங்கள் வரவேணும் எண்டு. நீங்கள் மறைச்சது வராமல் இருக்கிறதுக்கு. எந்தத் தராசில போட்டாலும் ரெண்டும் ஒரு நிறை இல்லை. நான் ஒரு மாசமாச் சாமர்த்தியமெல்லாம் அடங்கிக் கிடந்தன், என்னால எங்கட அப்பா பிடிபட்டிட்டார் எண்டு. கோயிலில மெழுகுதிரியும் கொழுத்தினன். அந்த நேரம் பாஸ்போட் உங்கட லாச்சிக்குள்ள.

வாசித்துக் காட்டு எண்டு எழுதினியள். காட்டினன். நித்திரை கொண்ட இடம் வரேக்க அம்மா, "அதைத் திரும்ப வாசி" எண்டா. வாசிச்சன். "அவர் நித்திரை கொண்டு கனகாலம்" எண்டா. அதைவிடக் கூட உங்களோட கோவிப்பா எண்டு நான் எதிர்பாத்தன். ஒரு ஆளாவது என்ர பக்கம் வேணுமே.

மிஸ் ஹார்ட்லியிட்டயும் சொல்லிப்போட்டன். பதினெட்டை வெட்டிச் சைபர் போட்டா. போட்டிட்டு, "கதை எழுதிற வகுப்பு மேல்மாடியில நடக்குது" எண்டா. சிரிச்சவவோ தெரியாது. வெள்ளைக்காரர் சிரிக்காமலும் சிரிப்பினம்.

பதின்மூண்டு நாள் எண்டு கேட்டதில இருந்து அம்மா உங்களுக்கு ஒரு சுவெற்றர் பின்னுறா, இஞ்ச இறங்கினா உங்களுக்குக் குளிரும் எண்டு. கையின்ர நீளம் அவவுக்கு மறந்து போச்சு. என்ர கையைப் பிடிச்சுப் பிடிச்சு அளக்கிறா. அது உங்கட கை இல்லை எண்டு நான் சொல்லேல்லை. நீட்டிக்கொண்டு இருக்கிறன்.

17 ஆந் திகதி என்ன நடந்தாலும் எழுதுங்கோ. ஒரு வரியும் குறையாமல்.

டோறின்

*

மன்னார்
18 செப்ரம்பர் 1984

என் மகள் டோறினுக்கு,

நேற்று வழக்கு. ஏழு பேரை விட்டார்கள்.

நாலு பேரை விடவில்லை. குணரத்தினம், ஆனந்தராசா, இராசரத்தினம், டொமினிக். அடுத்த தவணை ஜனவரி 21.

வெளியே வந்ததும் விநாயகமூர்த்தி சொன்னான், "நீங்கள் போங்கோ சேர், நாலு பேர்தானே, நான் பாக்கிறன்." அவன் பார்ப்பான். கெட்டிக்காரன். பாஸ்போட் என் சட்டைப் பையில் இருந்தது. கொழும்பு பஸ் பின்னேரம் மூன்று மணிக்கு. நேரம் இருந்தது.

ஒரு வரியும் குறையாமல் எழுதச் சொன்னாய். யாரும் என்னை மறிக்கவில்லை. யாரும் இருக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நான் வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்தேன். நேற்றுத் திங்கட்கிழமை. ஏழு தாய்மார் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விட்டார்கள். மற்ற நாலு தாய்மாரும் வந்து வாங்கில் இருந்தார்கள். வழமையாகப் பதினொரு பேர் நெருக்கிக்கொண்டு இருக்கும் வாங்கு. நேற்று இடம் இருந்தும் அவர்கள் நெருக்கியே இருந்தார்கள். கையில் பெட்டியோடு நான் அவர்களைத் தாண்டிப் போக வேண்டும். அவர்கள் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். எழும்பி வழிவிட்டிருப்பார்கள்.

உங்கள் இருவரையும் நினைக்காமல் செய்தேன் என்று எண்ணாதே என்று எழுதினால் அது கோட்டுப் பேச்சு. நினைத்துக்கொண்டுதான் செய்தேன். அம்மாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன். சுவெற்றரை அவிழ்க்க வேண்டாம் என்று மட்டும் இப்போது சொல்.

உங்கள் ஊரில் இப்போது வசந்தகாலம் என்று வாசித்தேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ எழுதினால் தெரிந்துகொள்வேன். எழுதாவிட்டால் அதுவும் நியாயமே.

அப்பா

*

லின்ஃபீல்ட்
9 ஒக்ரோபர் 1984

அப்பாவுக்கு,

வசந்தகாலம் எண்டா இஞ்ச காத்துத்தான். காயப்போட்ட உடுப்பெல்லாம் பக்கத்து வீட்டு வேலியில போய் நிக்கும். ஒரு நாளைக்கு மூண்டுதரம் மழை, மூண்டுதரமும் வெயிலோட. அவ்வளவுதான், அதில பெரிசா ஒண்டும் இல்லை.

உங்கட கடிதம் வந்த அண்டைக்கு நான் பள்ளிக்கூடம் போகேல்லை. அம்மா வேலைக்குப் போனா. போக முதல் அலுமாரிக் கதவைத் திறந்து விசாக் கடிதத்தைக் கழட்டினா. பசை கதவில பிடிச்சிட்டுது, நாலு மூலையிலயும் கடதாசி மிஞ்சி நிண்டது. கரண்டியால சுரண்டினா. நான் உதவிக்குப் போகேல்லை. உங்களோட எனக்கு இன்னும் கோவம். அதை இந்தக் கடிதத்தில எழுதி முடிக்க ஏலாது, வேற கடிதம் வேணும்.

இண்டைக்கு ரெண்டு பேரும் டவுனுக்குப் போனம், குடிவரவுக் கந்தோருக்கு. புது விண்ணப்பம். ஒன்பது பக்கம். அம்மா இங்கிலீசில மருந்துப் பேரெல்லாம் எழுதுவா, ஆனா படிவம் கண்டாக் கை விறைச்சிடும், அதால பேனை என்னட்ட. ஏழாம் பக்கத்தில ஒரு கேள்வி: முன்னர் வழங்கப்பட்ட விசாவைப் பயன்படுத்தாததற்கான காரணம். ஒரே ஒரு வரிக்குத்தான் இடம்.

அப்பா, என்னட்ட எவ்வளவு நல்ல காரணங்கள் இருந்தது தெரியுமோ? உங்களுக்குக் கால் முறிஞ்சது. பாஸ்போட்டைக் கறையான் திண்டது. நீங்கள் கப்பலில வெளிக்கிட்டுக் கப்பல் வேற நாட்டுக்குப் போட்டுது. ஒவ்வொண்டும் பதினெட்டு வாங்கும். அம்மா என்ர முகத்தைப் பாத்திட்டு, "டோறின்" எண்டா. அவ்வளவுதான் சொன்னா.

நான் எழுதினன்: "அவர் பேசும் வழக்கில் நாலு பேர் இன்னும் உள்ளே." எழுதிப்போட்டுப் பாத்தா அது பொய் மாதிரிக் கிடந்தது. ஆர் அந்த நாலு பேர் எண்டு ஆரும் கேட்டா? அதால பேரும் போட்டன். குணரத்தினம், ஆனந்தராசா, இராசரத்தினம், டொமினிக். இங்கிலீசில எழுதினா எங்கட பேருகள் சரியான நீளம். வரியில இடம் காணேல்லை, ஓரத்தால திரும்பிக் கீழ இறங்கி, அடுத்த கேள்விக்குள்ள போய் முடிஞ்சது.

கவுண்டரில இருந்த மனுசி படிவத்தைத் திருப்பித் திருப்பி அதை வாசிச்சா. "இவையள் உங்கட சொந்தக்காரரோ?" எண்டு கேட்டா. ஓம் எண்டு சொன்னா ஒருவேளை கெதியாக் குடுப்பினம் எண்டு ஒரு யோசனை வந்தது. வாய் வரைக்கும் வந்தது. "இல்லை, அப்பான்ர ஆக்கள்" எண்டன். அவ பேனையைக் கீழ வச்சிட்டு, ஒரு இடத்தையும் வெட்டாமல் முத்திரையைக் குத்தினா. ஆறு மாசம் செல்லுமாம். கூடவும் செல்லுமாம்.

பஸ் மவுண்ட் றொஸ்கில் தாண்டேக்க அம்மா யன்னலைப் பாத்துக்கொண்டே கேட்டா, "அந்தக் கடைசிப் பெடியன், டொமினிக், அவனுக்கு எத்தினை வயசிருக்கும்?"

எனக்குத் தெரியாது. பத்தொன்பது இருக்கும் எண்டு நான் சொன்னன், இல்லை, பேரைப் பாத்தாச் சின்னப் பெடியன் மாதிரிக் கிடக்கு எண்டு அம்மா சொன்னா. வீடு வந்து சேருமட்டும் அதைத்தான் கதைச்சுக்கொண்டு வந்தம்.

எழுதுங்கோ அப்பா. நாலு பேரின்ர வயசையும்.

டோறின்